பழைய கஞ்சாவில் பிறக்கும் ‘கன்னாபினால்’: தூக்கத்துக்கு மருந்தா?

காலை ஆறரை மணிக்குக் கிண்டி ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் இரண்டு விதமான ஜனக் கூட்டத்தைக் காணலாம். ஒரு கூட்டம் குளித்து முழுகி, நெற்றியில் விபூதியோ குங்குமமோ பளிச்சென்று தெரிய, வேலைக்கு வந்து இறங்குகிறது. மற்றொரு கூட்டம் வேலை முடிந்து வீடு திரும்புகிறது. ஒரு காலத்தில் இந்த இரண்டாவது கூட்டத்தில் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களே மிகுதி. இப்போதோ, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்களும் யுவதிகளும் ஏராளம். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது இங்கே இரவெல்லாம் விழித்திருந்து வேலை பார்ப்பவர்கள் இவர்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ஜன்னலில் வெயில் அடிக்கிறது. வாசலில் காய்கறி வண்டி கூவுகிறது. தூக்கம் எங்கிருந்து வரும்?

அப்படிப்பட்ட இளைஞர் ஒருவர், எங்கள் தெருவில் குடியிருப்பவர், சென்ற மாதம் தம் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினார். வண்ண வண்ண ஜெல்லி மிட்டாய்கள். புட்டியின் மேல் ‘சி.பி.என்.’ என்று மூன்று எழுத்து.

“சார், இது கஞ்சா இல்லையாம். கஞ்சாச் செடியிலே இருக்கிற வேற ஒண்ணாம். போதை கிடையாது, தூக்கம் மட்டும் வருமாம். அமெரிக்காவிலே கடையிலேயே விக்கிறாங்க. எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் அடுத்த வாரம் அங்கேருந்து வர்றார். வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?”

பகலில் மூன்று மணி நேரம் கண் மூடினாலே பெரிய காரியம் என்ற நிலையில் இருப்பவர் கேட்கும் கேள்வி. சிரித்துத் தள்ளிவிட மனம் வரவில்லை. இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, இந்த விஷயத்தைப் படித்துப் பார்க்க உட்கார்ந்தேன். சி.பி.என். என்பது ‘கன்னாபினால்’ என்பதன் சுருக்கம். அது புதிதாக யாரோ கண்டுபிடித்த அதிசய வஸ்து அல்ல. நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்பே, நம் நாட்டுச் சரக்கிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது.

எண்ணெய் காறுவது போல

கஞ்சாவுக்குப் போதையைக் கொடுப்பது டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் ரசாயனப் பொருள். வாய் நிறையும் பெயராகையால் ‘டி.எச்.சி.’ என்று சுருக்கிச் சொல்லுகிறார்கள். போதை தராத கன்னாபிடியால், அதாவது ‘சி.பி.டி.’, இரண்டாவது பொருள். பத்திரிகை படிப்பவர்களில் பலர் இந்த இரண்டையும் கேள்விப்பட்டிருப்பார்கள். இவற்றைத் தவிர இதே குடும்பத்தைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் அந்தச் செடியில் உண்டு. கன்னாபினால் அவற்றில் ஒன்று. ஆனால் மற்றவற்றுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. பச்சைச் செடியில் இது அநேகமாக இருப்பதே இல்லை. செடியை அறுத்து, உலர்த்தி, மூட்டை கட்டி வைத்த பிறகுதான் இது தலைகாட்டுகிறது.

நல்லெண்ணெயைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் நாளடைவில் காறிப்போகிறதல்லவா? காற்றும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து எண்ணெயைக் கெடுக்கின்றன. கஞ்சாவிலும் ஏறக்குறைய அதுவேதான் நடக்கிறது. டி.எச்.சி.யின் ஓர் அணுத்திரளில் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. காற்றுப் பட்டு நாட்பட்டுப்போகும்போது ஹைட்ரஜனில் நான்கு கழன்றுவிடுகின்றன. 30 என்பது 26 ஆகிறது. அதுதான் கன்னாபினால். சுருங்கச் சொன்னால், இது கஞ்சாவின் கிழப்பருவம்.

அமெரிக்காவில் மிஸிஸிப்பி சர்வகலாசாலையில், கஞ்சாவைச் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வருஷம் வைத்திருந்து அளந்து பார்த்தார்கள். முதல் வருஷத்தில் டி.எச்.சி.யில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. நான்கு வருஷ முடிவில் ஐந்தில் இரண்டு பங்கு இல்லை. அது குறையக் குறைய, கன்னாபினால் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து, ஒரு சரக்கு எவ்வளவு காலம் கிடந்தது என்பதை உத்தேசமாகச் சொல்லிவிடலாம் என்கிறார்கள். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லுவது போல.

கேம்பிரிட்ஜுக்குப் போன சரஸ்

வைத்திருந்த கஞ்சா வீரியம் இழக்கும் என்பது ஆங்கிலேயர் காலத்துக் கலால் அதிகாரிகளுக்குத் தெரிந்த விஷயமே. அன்று கஞ்சா சர்க்காரின் வருமானங்களில் ஒன்று. வங்காளத்து நவுகாங்கிலும், நம் சென்னை ராஜதானியில் வட ஆற்காட்டு ஜவ்வாது மலையிலும் உத்தரவு பெற்றுப் பயிரிட்டார்கள். கிடங்கில் மிகவும் பழையதாகிப்போன சரக்கை விற்காமல் கொளுத்திவிடுவதும் உண்டு. 1893இல் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. ராஜதானி ராஜதானியாகச் சென்று ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அடுத்த ஆண்டு ஏழு பாகங்கள் கொண்ட அறிக்கையை அது சமர்ப்பித்தது. கஞ்சாவைப் பற்றி உலகில் அதற்கு முன் அவ்வளவு விரிவான விசாரணை நடந்ததில்லை.

ஆனால் பழைய சரக்கு ஏன் வீரியம் இழக்கிறது என்பது கமிஷனுக்குத் தெரியாது. அதற்கான ரசாயனமே அன்று பிறக்கவில்லை. 1896இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்ற மூன்று விஞ்ஞானிகள், இந்தியாவிலிருந்து வந்த சரஸை, அதாவது கஞ்சாப் பிசினை, காய்ச்சி வடித்து ஒரு கெட்டியான எண்ணெயை எடுத்தார்கள். அதுவே போதைக்குக் காரணம் என்று எண்ணினார்கள். ‘கன்னாபினால்’ என்ற பெயர் அவர்கள் வைத்ததுதான். பிறகு அந்த எண்ணெயே பல பொருள்களின் கலவை என்று தெரிந்தது. அதிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுத்த பகுதிக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

இங்கேதான் விதி விளையாடியது. அவர்கள் கையில் கிடைத்தது மலையும் கடலும் கடந்து மாதக் கணக்கில் பிரயாணம் செய்த பிசின். அதில் கன்னாபினால் மிகுதியாக இருந்ததில் ஆச்சரியமில்லை. திருடனைத் தேடிப் போனவர்கள், திருடன் கழற்றிப் போட்ட சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்! இந்தச் சட்டையை வைத்துக்கொண்டே விஞ்ஞானம் அரை நூற்றாண்டுக்கு மேல் தடுமாறிற்று. 1930களின் தொடக்கத்தில் கான் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கன்னாபினாலின் உருவத்தைப் பெரும்பாலும் வரைந்துவிட்டார். 1940இல் அமெரிக்காவில் ஆடம்ஸும் இங்கிலாந்தில் டாடும் அதைச் சோதனைச்சாலையிலேயே செய்து காட்டினார்கள். ஆனால் போதையின் உண்மையான கர்த்தா டி.எச்.சி.தான் என்பது 1964இல், இஸ்ரேல் நாட்டு மெக்கூலமும் கவோனியும் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பிறகே தெளிவாயிற்று.

இதே மெக்கூலமின் ஜெருசலம் சோதனைச்சாலையில் 1992இல் இன்னொன்று கண்டார்கள். டி.எச்.சி. போய் ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தில் ஒட்டிக்கொள்ள, மனித மூளையும் தானாகவே ஒரு பொருளைச் சுரக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஆனந்தமைடு’. நம்முடைய ‘ஆனந்த’மேதான்! வடமொழிச் சொல் ஒன்று ரசாயன அகராதியில் ஏறியதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால், செடி தரும் ஆனந்தமும் இதுவும் ஒன்றே என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது.

கன்னாபினாலும் மூளையில் அதே இடத்தில்தான் போய் ஒட்டுகிறது. ஆனால் பிடி தளர்ச்சி, டி.எச்.சி.யின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ‘போதையே கிடையாது’ என்று விளம்பரம் சொல்லுவது சரியல்ல. அளவு ஏறினால் அதற்கும் குணம் உண்டு.

ஐந்து பேர் மீது நடந்த சோதனை

சரி, தூக்கம் வருமா, வராதா? இளைஞருக்கு வேண்டியது அதுதானே.

பழைய கஞ்சா புகைத்தால் கிறக்கம் வருகிறது, தூக்கம் தள்ளுகிறது என்பது புகைப்பவர்களின் நெடுநாளைய பேச்சு. பழையதில் கன்னாபினால் அதிகம். ஆகவே தூக்கம் தருவது கன்னாபினாலே என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்த நியாயத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. நாட்பட்ட சரக்கில் மாறுவது இது ஒன்று மட்டும் அல்ல; வாசனைத் தைலங்கள் ஆவியாகிப் போகின்றன, வேறு பல பொருள்களும் சிதைகின்றன. பழைய சோறு சாப்பிட்டால் தூக்கம் வருகிறது என்பதற்காக, தூக்கம் தருவது அதில் போட்ட சின்ன வெங்காயம் என்று சொல்லிவிட முடியுமா?

மனிதர்களிடம் செய்து பார்த்த பழைய சோதனைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1975இல் வெளிவந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் ஐந்தே ஐந்து பேர். கன்னாபினாலைத் தனியாக 50 மில்லிகிராம் கொடுத்தபோது குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் இல்லை. டி.எச்.சி.யோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான், டி.எச்.சி.யை மட்டும் சாப்பிட்டதைவிட மயக்கமாகவும் தள்ளாட்டமாகவும் இருந்ததாகச் சொன்னார்கள். இதையெல்லாம் திரட்டிப் பார்த்த 2021ஆம் ஆண்டு மதிப்புரை ஒன்று, தூக்கத்துக்கு இது உதவும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறிற்று.

அதன் பிறகு விஷயம் சற்று நகர்ந்திருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 2023இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், தூக்கம் சரியில்லாதவர்களுக்குத் தினம் 20 மில்லிகிராம் வீதம் ஒரு வாரம் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு வெறும் போலி மாத்திரை. கன்னாபினால் சாப்பிட்டவர்கள் இரவில் இடையிடையே விழிப்பது சிறிது குறைந்தது. ஆனால் படுத்ததும் சீக்கிரம் தூங்கினார்களா என்றால், அதில் வித்தியாசம் இல்லை. 2024இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி சர்வகலாசாலை விஞ்ஞானிகள் எலிகளின் மூளை அலைகளை அளந்து, இது தூக்கத்தைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். எலியின் தூக்கம் எலிக்கு. கிண்டியில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவருக்கு இது பயன்படுமா என்று அந்தச் சோதனைகள் சொல்லவில்லை.

கஞ்சாவோடு சம்பந்தப்பட்ட வேறு சில பொருள்கள் முறைப்படி மருந்தாகியிருக்கின்றன. செயற்கை டி.எச்.சி.யை, புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கு 1985இல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. சிலவகைக் குழந்தை வலிப்புகளுக்குச் சி.பி.டி.யை 2018இல் அனுமதித்தது. கன்னாபினாலுக்கு அத்தகைய அனுமதி எதற்கும் கிடைக்கவில்லை. அங்கே அது கடையில் கிடைப்பது, மருந்து என்று நிரூபித்ததால் அல்ல, டி.எச்.சி. மிகக் குறைவாக உள்ள சணல் கஞ்சாவை விவசாயப் பொருளாக்கிய 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் சந்தில் புகுந்துதான். அந்தச் சந்தை அடைக்க 2025 நவம்பரில் அங்கேயே ஒரு சட்டம் செய்துவிட்டார்கள்.

மைலாப்பூரில் ஊதாப் புள்ளி

நம் நாட்டில் நிலை வேறு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ‘கஞ்சா’ என்று சொல்லுவது செடியின் பூ, காய்க் கதிர்களை. பிசினும், அதைச் சுண்டக் காய்ச்சிய எண்ணெயும் ‘சரஸ்’. கதிரோடு சேராத தனி இலையும் விதையும் இந்த வரையறையில் வரவில்லை. வடக்கே ஹோலி சமயத்தில் பாங்கு கடை நடப்பது இதனால்தான். டி.எச்.சி. தனியாகவே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. கன்னாபினாலுக்கு அங்கே தனிப் பெயர் இல்லை. அதனால் அது சட்டப்படி சரி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிசினிலிருந்து எடுத்ததென்றால் அது சரஸ் வகையில் சேர்ந்துவிடும். மிட்டாயில் துளி டி.எச்.சி. கலந்திருந்தாலும் விமான நிலையத்தில் அகப்பட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கன்னாபினாலைப் பெயர் சொல்லியே தடுக்கிறது.

நம் ஊரில் இந்தப் பொருளை உண்மையில் அடிக்கடி சந்திப்பவர்கள் தூக்கம் வராதவர்கள் அல்ல. மைலாப்பூர் கடற்கரைச் சாலையில் உள்ள தடய அறிவியல் துறையின் ரசாயனப் பரிசோதகர்கள். ஆந்திர–ஒரிஸ்ஸா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வந்து பிடிபடும் கஞ்சாவின் மாதிரிகள் இத்தகைய கூடங்களுக்கே போகின்றன. இதற்கு ஒரு பழைய முறை உண்டு. மாதிரியைக் கரைத்து ஒரு தகட்டின் அடியில் பொட்டு வைத்து, கரைசலை மேலே ஏற விட்டு, சாயத்தைத் தெளிப்பார்கள். டி.எச்.சி. சிவப்பாகத் தெரியும், சி.பி.டி. ஆரஞ்சு, கன்னாபினால் ஊதா. சரக்கு பழையதாக ஆக, ஊதாப் புள்ளி அழுத்தமாகிக்கொண்டே போகும்.

நீதிமன்றத்துக்கு இந்த நிறங்களில் அக்கறை இல்லை. ‘கஞ்சாதான்’ என்ற அறிக்கை போதும். மற்றதை எடை தீர்மானிக்கிறது. ஒரு கிலோ வரை சிறு அளவு: ஒரு வருஷம் வரை தண்டனை. 20 கிலோவைத் தாண்டினால் வியாபார அளவு: குறைந்தது பத்து வருஷம், அதிகபட்சம் இருபது. இரண்டுக்கும் நடுவில் பத்து வருஷம் வரை. வீரியம் நிறைந்த புதுச் சரக்கு 21 கிலோவும், கிழண்டு ஊதாவாகிப்போன 21 கிலோவும் சட்டத்தின் தராசில் ஒன்றே. 2020இல் சுப்ரீம் கோர்ட், போதைப்பொருளோடு கலந்த வேறு பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வியாபாரி மாவைக் கலந்து தப்பித்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் நியாயம். அது சரிதான். ஆனால், பத்து வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம் என்று வரும்போது, சரக்கில் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்லுவதும் அறிக்கையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இலையும் காம்பும் விதையும் சேர்த்து நிறுத்துவிட்டார்கள் என்று வாதாடும் வழக்குகளைப் பார்க்கும்போது, தராசு ஒன்றே போதாது என்றுதான் தோன்றுகிறது.

பிடித்த சரக்கு எவ்வளவு காலம் கிடக்கிறது என்பது தனிக் கதை. 2016இல் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டித்து, மாஜிஸ்டிரேட் முன்னிலையில் மாதிரி எடுத்துவிட்டு, மீதியைத் தாமதமின்றி அழிக்க உத்தரவிட்டது. 2022இல் வந்த விதிகள், பரிசோதனைக்கூடம் 15 நாளில் அறிக்கை தர வேண்டும் என்கின்றன. இருந்தும் என்ன ஆயிற்று? 2020இல் நம் மெரினாவில் 22 கிலோ கஞ்சாவோடு இருவரைப் பிடித்ததாக வழக்கு. விசாரணை வந்தபோது, அநேகமாக முழுவதையும் எலிகள் தின்றுவிட்டன என்று போலீசார் சொன்னார்கள். 2023 ஜூலையில் இருவரும் விடுதலை ஆனார்கள். சிட்னி எலிகளாவது ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன!

மிட்டாயில் என்ன இருக்கிறது?

விதை சட்டத்தின் வரையறைக்கு வெளியே இருப்பதால், கஞ்சா விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவாக விற்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் வழி செய்தது. அதற்கும் கட்டுப்பாடு உண்டு: விதையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது. உணவுச் சரக்கின் மேல் சந்தேகம் வந்து சென்னையில் மாதிரி எடுத்தால், அதைப் பரிசோதிக்கக் கிண்டியிலேயே, கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், சர்க்கார் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. நம் இளைஞர் தினம் அதற்குச் சற்றுத் தள்ளித்தான் ரயில் ஏறுகிறார். ஆனால் நண்பர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் புட்டி அந்தக் கூடத்தின் வாசலை மிதிக்கப் போவதில்லை.

புட்டியின் லேபிளை நம்பலாமா? 2017இல் அமெரிக்காவில், இணையக் கடைகளில் விற்ற 84 சி.பி.டி. சரக்குகளை வாங்கிப் பரிசோதித்தார்கள். லேபிளில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்திருந்தவை 26 மட்டுமே. 18 சரக்குகளில் டி.எச்.சி.யும் இருந்தது. கன்னாபினாலோ செடியில் சொற்பமாக இருப்பதால், பெரும்பாலும் சி.பி.டி.யை ரசாயன முறையில் மாற்றித் தயாரிக்கிறார்கள். இடையில் வேறு என்னென்ன உண்டாகிறது என்பது தயாரிப்பவரின் நாணயத்தைப் பொறுத்தது. இன்னொன்று: கம்பெனிகள் செய்யும் சிலவகைச் சிறுநீர்ச் சோதனைகளில், கன்னாபினால் சாப்பிட்டவரும் கஞ்சா சாப்பிட்டவராகத் தெரியக்கூடும். தூக்கத்துக்காக உத்தியோகத்தையே பணயம் வைப்பதா?

இரண்டு நாளில் சொல்லுகிறேன் என்றவன் பத்து நாள் கழித்தே அந்த இளைஞரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வேண்டாம்னு சொல்லிட்டேன் சார்” என்றார். பிறகு தயங்கி, “அப்போ தூக்கத்துக்கு நான் என்னதான் பண்றது?” என்று கேட்டார்.

ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் திரை, வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, வேலையின் பின்பாதியில் காப்பி இல்லை, விடுமுறை நாளிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் படுக்கை. இரவு வேலைக்காரர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் யோசனைகள் இவை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மாத்திரையைத் தேடுமுன் தூக்கத்துக்கென்றே உள்ள மனப்பயிற்சிச் சிகிச்சையை ஒரு டாக்டரிடம் கேட்கலாம். திரை வாங்கிவிட்டாராம். காய்கறி வண்டிக்காரரிடம் பேசிப் பார்த்திருக்கிறார். அவர் எங்கள் தெருக்கோடி வரைக்கும் கூவாமல் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.